டோபின் எத்தனாவது

மர்ரே கோஸ்டிக் எந்த ஊர் ஐஸ் ஹாக்கி ரிங்குக்குப் போனாலும் உட்கார மாட்டார். கோல் வலைக்குப் பின்னால், கண்ணாடித் தடுப்பின் மூலையில் நின்றபடியேதான் ஆட்டம் பார்ப்பார். மேலே இருக்கையில் இருந்து பார்த்தால் பையன்களின் கால்தான் தெரியும், முகம் தெரியாது என்பார். கிழக்கே ஒரு பெரிய தொழில்முறை அணிக்காக, கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணம் முழுவதும் பனியிலும் புழுதியிலும் கார் ஓட்டிக்கொண்டு போய்ப் பதினேழு வயதுப் பையன்களைப் பார்த்து எடைபோடுவது அவர் வேலை. வருடா வருடம் ஜூன் மாதம் பெரிய அணிகள் வரிசையாக உட்கார்ந்து, வயது வந்த பையன்களை ஒவ்வொருவராகப் பேர் சொல்லி எடுக்கும். அதை டிராஃப்ட் என்பார்கள். ஒரு பையன் முதல் பத்துக்குள் போவானா, ஐம்பதாவதாகப் போவானா, போகவே மாட்டானா என்று முன்கூட்டியே சொல்லத்தான் மர்ரே போன்ற ஸ்கவுட்டுகளுக்குச் சம்பளம்.

அந்தக் குளிர்காலத்தில் ஸ்கவுட்டுகள் எல்லோரும் எங்கள் ஊர் ஹாலோரனுக்கு வந்தது ஒரே ஒரு பையனுக்காக. டோபின் வீப். இடப்பக்க ஃபார்வர்டு, கோலடிக்க முன்னே போகிறவன். தெற்கே, காரில் அரை நாள் தூரத்தில் இருக்கும் ஒரு கோதுமைப் பண்ணையின் பிள்ளை. ஆள் உயரமும் இல்லை, பருமனும் இல்லை. ஆனால் மூலையில் நான்கு தடிப்பையன்கள் ரிங்கின் ஓரப் பலகையோடு பலகையாக நசுங்கிக்கொண்டு பக்கு என்கிற ரப்பர் வட்டுக்காக மல்லுக்கட்டும்போது, இவன் கட்டிலுக்கு அடியில் நுழையும் பூனை மாதிரி நுழைந்து, பக்கை ஸ்டிக்கில் ஒட்டவைத்துக்கொண்டு மறுபக்கம் வெளியே வருவான். அக்டோபரிலேயே மர்ரே தன் மேலதிகாரி டுவைட்டிடம் அடித்துச் சொல்லிவிட்டார்: "இவன் மொதல் பத்துக்குள்ள போயிடுவான். நம்ம முறை வர்ற வரைக்கும் மிச்சம் இருந்தா, அது நம்ம அதிர்ஷ்டம்."

நவம்பரில் ஒரு ஆட்டத்தில் யாரோ பின்னாலிருந்து இடித்ததில் டோபின் தலைகுப்புறப் பலகையில் மோதினான். எழுந்து சிரித்தான். ஒரு ஆட்டம் மட்டும் வெளியே உட்கார்ந்துவிட்டு மறுபடி ஆட வந்துவிட்டான்.

ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை ஆட்டத்துக்கு மர்ரே வந்தபோது, பக்கத்தில் இன்னொரு அணியின் ஸ்கவுட் லோர்ன் வந்து நின்றுகொண்டான். சூரியகாந்தி விதையைக் கொறித்துத் தோலைக் காகிதக் கோப்பையில் துப்பிக்கொண்டே இருப்பது அவன் பழக்கம்.

"என்னய்யா உன் ஆளு மூலைப் பக்கமே போக மாட்டேங்கறான்? அக்டோபர்ல தங்கம் தங்கம்னே. இப்ப பாத்தா பித்தளையால்ல இருக்கு."

"பாக்கலாம்" என்றார் மர்ரே.

"என்னத்த பாக்கறது? பயந்துட்டான். ஒரு தடவை செமத்தியா வாங்கினா சில பசங்க அவ்வளவுதான்."

பயந்த பையன்களை மர்ரே நிறையப் பார்த்திருக்கிறார். பயந்தவன் பக்கை விட்டுவிட்டு, தன்னை இடிக்க வருகிறவனைத்தான் பார்ப்பான். டோபின் யாரையும் பார்க்கவில்லை. இடப்பக்கம் திரும்ப வேண்டுமென்றால் கழுத்தைத் திருப்பாமல் தோளோடு சேர்த்து உடம்பையே திருப்பினான். கோல் விழுந்து சிவப்பு விளக்கு சுழன்று ஊதல் அலறியபோது, கோலடித்தது அவனுடைய அணியாக இருந்தும், கண்ணை இறுக மூடிக்கொண்டு பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். பிறகு துண்டை எடுத்துத் தலைமேல் போர்த்திக்கொண்டான். மர்ரே இளம் வயதில் சின்ன அணிகளில் ஆடியபோது அவரோடு ஒரே அறையில் தங்கியிருந்த ஒருவன், தலையில் அடிபட்ட பிறகு இப்படித்தான் உட்கார்ந்திருப்பான்.

மறுநாள் காலை அவர், டோபின் தங்கியிருந்த நோரீன் வீட்டுக்குப் போனார். வெளியூர்ப் பையன்களை உள்ளூர்க் குடும்பங்கள் வீட்டில் வைத்துச் சோறு போட்டுப் பார்த்துக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். நோரீன் பள்ளிப் பேருந்து ஓட்டுபவள். அவள் புருஷன் பொட்டாஷ் சுரங்கத்தில் ஷிஃப்டு வேலை. சொந்தப் பிள்ளைகள் வளர்ந்து போன பிறகு வருடத்துக்கு ஒரு ஹாக்கிப் பையன் அவர்கள் வீட்டு அடித்தள அறையில் தங்குவான். ஸ்கவுட்டுகள் அந்த வீட்டுக்கு வந்து காப்பி குடித்து விசாரிப்பது புதிதில்லை.

"கேளுங்க, என்ன கேக்கணுமோ" என்றாள் நோரீன். "தட்டு கழுவி வைக்கறானா, பொண்ணுங்க பின்னாடி சுத்தறானா, அதானே?"

"அதெல்லாம் போன தடவையே கேட்டாச்சு. ஒழுங்கா சாப்பிடறானா?"

நோரீன் ஏற்கெனவே சுத்தமாக இருந்த மேஜையைத் துணியால் துடைத்தாள். அடித்தளப் படிக்கட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"அவன் பிராக்டிஸுக்குப் போயிட்டான்" என்றார் மர்ரே.

"தெரியும். இருந்தாலும்." அவள் உட்கார்ந்தாள். "ரூம் ஜன்னல்ல போர்வைய ஆணி அடிச்சு மாட்டியிருக்கான், மர்ரே. வெளிச்சமே ஆக மாட்டேங்குது. மேல வந்து எங்ககூட சாப்பிடறதில்ல, டிவி சத்தம் குத்துதாம். பஸ்ல வெளியூர் போயிட்டு வந்தா மொதல் வேலை வாந்தி எடுக்கறதுதான். நான் கேட்டேன். நவம்பர்லேர்ந்தே இப்படித்தான்னு சொல்லிட்டான்."

"டீம்ல டெஸ்ட் வெச்சிருப்பாங்களே?"

"அதுல பாஸு. சீசன் தொடங்கறப்ப எல்லாரையும் கம்ப்யூட்டர் முன்னாடி ஒக்கார வெச்சு ஞாபக சக்தி டெஸ்ட் ஒண்ணு வெப்பாங்கல்ல, அதுல இவனுங்க வேணும்னே தப்பா பதில் போடுவானுங்களாம். அப்பதான் பின்னாடி அடிபட்டு மோசமா பண்ணாலும் வித்தியாசம் தெரியாதாம். சிரிச்சுக்கிட்டே சொல்றான்."

"அவங்கம்மாவுக்குத் தெரியுமா?"

"சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டான். ஜூன் முடியட்டும், நானே டாக்டர்கிட்ட போறேன்னான். முடியாதுன்னுதான் சொன்னேன். அழுதுட்டான். என் பசங்ககூட அந்த வயசுல என் முன்னாடி அழுததில்ல. சரின்னுட்டேன். அதுலேர்ந்து எனக்குத் தூக்கம் இல்ல." அவள் மர்ரேயின் கையைத் தொட்டாள். "நீங்க சொல்லுங்க அவன்கிட்ட. நான் சொன்னா பொம்பள பயப்படறான்னு நெனைக்கறான். நீங்க ஸ்கவுட்டு. நீங்களே வந்து, தம்பி, ஒரு வருஷம் போனாப் போகட்டும், மொதல்ல தலையப் பாருன்னு சொன்னா கேப்பான்."

"நான் பேசறேன்" என்றார் மர்ரே.

அதைச் சொன்னபோது அவர் பொய் சொல்லவில்லை. நேராக ரிங்குக்குத்தான் போனார். பிராக்டிஸ் முடியக் கொஞ்ச நேரம் இருந்தது. வண்டியை ஓடவிட்டபடி, வழித்துக் குவித்த பனிக்குன்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என்ன சொல்வது என்று மனதுக்குள் கோத்துக்கொண்டிருந்தபோது டுவைட் போனில் கூப்பிட்டான்.

"சொல்லு. வீப் எப்படி? ஏன் சரிஞ்சுட்டான்?"

மர்ரே சொன்னார். இத்தனை வருடங்களில் பார்த்ததையும் கேட்டதையும் டுவைட்டிடம் அவர் மறைத்ததே இல்லை. போர்வை, வாந்தி, டெஸ்ட் எல்லாவற்றையும் சொன்னார்.

"இது வேற யாருக்குத் தெரியும்?"

"அந்த அம்மாவுக்கு. எனக்கு. இப்ப உனக்கு."

"அப்ப நம்ம வரிசைலேர்ந்து அவன எடுத்துடு. மொத்தமா. நல்ல வேலை பண்ணே."

"பையன் இப்ப வெளிய வருவான். ஆட்டத்த நிறுத்துன்னு சொல்லலாம்னு நிக்கறேன்."

"சொல்லி?" டுவைட்டின் குரலில் கோபம் இல்லை. பொறுமையாகத்தான் பேசினான். "நீ சொன்னா நாளைக்கே உக்காந்துடுவான். ஊருக்கே தெரிஞ்சுடும். யோசிச்சுப் பாரு. நமக்கு முன்னாடி எடுக்கறவன் எவனாவது வீப எடுத்தான்னா, நாம கண்ணு வெச்சிருக்கற அந்த ஃபின்லாந்துப் பையன் நம்ம கைக்கு வருவான். நீ என்ன டாக்டரா? அவங்க டீமுக்கு டாக்டர் இருக்காரு. அவனுக்கு அப்பா அம்மா இருக்காங்க. உன்ன அனுப்பினது நாம. நீ நம்ம வேலையப் பாரு."

மர்ரே போனை வைத்தபோது டோபின் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தான். மேகம் மூடிய வானம். அவன் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான். மர்ரேயின் வண்டியைப் பார்த்ததும் மூட்டையைத் தோளில் மாற்றிக்கொண்டு தானாகவே வந்தான்.

"சார், நேத்து ஆட்டம் எப்படி இருந்துச்சு?"

"கால் நல்லா ஓடுது."

"மூலைக்குப் போகல, தெரியும் சார். அடுத்த ஆட்டத்துல போயிடுவேன். நீங்க வருவீங்கல்ல?"

சொல்ல வேண்டியது மர்ரேயின் நாக்கு நுனியில் இருந்தது. பையனின் உதட்டோரம் தோல் வெடித்திருந்தது. கன்னத்தில் இன்னும் சரியாக மீசை தாடி இல்லை.

"உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"சூப்பரா இருக்கேன் சார்."

பதில் கேள்வி முடியுமுன்பே வந்துவிட்டது. பொய் என்று இருவருக்கும் தெரியும். பையனுக்கு, அது அவருக்குத் தெரியும் என்பது தெரியாது, அவ்வளவுதான்.

"சரி. வரேன்" என்றார் மர்ரே.

நெடுஞ்சாலையில் ஏறிய பிறகு, கேட்டாகிவிட்டது, அவன்தான் சொல்லவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அடுத்த ஊர் வருவதற்குள் அதைப் பலமுறை சொல்லிக்கொண்டார். ஒருமுறைகூட அது அவர் மனதில் ஒட்டவில்லை.

ஒரு வாரம் கழித்து நோரீன் போன் செய்தாள்.

"பேசினீங்களா?"

"பேசினேன்."

"என்ன சொன்னான்?"

"பாத்துக்கறேன்னான்."

"அவ்வளவுதானா?" அவள் மூச்சு விடுவது கேட்டது. "நீங்களே சொல்லியும் கேக்கலன்னா நான் என்ன பண்ண முடியும்? சரி மர்ரே, சொன்னதுக்கு ரொம்ப தேங்க்ஸ்."

போனை வைத்த பிறகு மர்ரே சமையலறை நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தார். திரும்பக் கூப்பிட்டு உண்மையைச் சொல்ல அரை நிமிடம் போதும். அவர் எழுந்து சட்டை இஸ்திரி போடப் போனார்.

பிப்ரவரியில் டுவைட் இன்னொன்று சொன்னான். ஹாலோரனுக்குப் போவதை நிறுத்தாதே, நம்மாள் அங்கே நின்றால்தான் மற்றவர்கள் அந்தப் பையனிடம் இன்னும் சரக்கு இருக்கிறது என்று நம்புவார்கள் என்றான். மர்ரே போனார். எடுக்கப் போவதில்லை என்று தெரிந்த பையனைப் பார்க்க, அதே மூலையில் போய் நின்றார்.

லோர்ன் குழம்பிப் போனான். "உங்க ஆளுங்க இன்னும் விடலியா? நாங்கதான் எதையோ பாக்காம விட்டுட்டோமா?"

"பாக்கறது என் வேலை. பாக்கறேன்."

"பெரிய ரகசியம்தான் போ."

சொன்னபடியே டோபின் மறுபடி மூலைக்குப் போகத் தொடங்கியிருந்தான். அதுவும் மர்ரே நின்ற பக்கத்து மூலைக்கு. ஒவ்வொரு முறையும் அவனுடைய தோள் பலகையில் இடிக்கும் சத்தம் கண்ணாடி வழியாக மர்ரேயின் உள்ளங்கைக்கு வந்தது. பக்கை எடுத்துக்கொண்டு வெளியே வரும்போது அவன் முகம் சாம்பல் பூத்திருக்கும். ஒரு ஆட்டத்தில் இரண்டு கோல் அடித்தான். ஊரே எழுந்து நின்றது. லோர்ன் விதையைக் கொறிப்பதை நிறுத்திவிட்டுப் போனில் யாரிடமோ வேகமாகப் பேசினான். மர்ரே கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்து வெறும் தண்ணீரில் கையை வைத்துக்கொண்டு நின்றார். நாளைக்கு அவன் அம்மாவுக்குப் போன் செய்துவிடலாம் என்று நினைத்தார். மறுநாள் அவர் பக்கத்து மாகாணமான மனிடோபாவில் வேறொரு ரிங்கில் இருந்தார்.

மார்ச்சில், சீசனின் கடைசிக் கட்ட ஆட்டத்தில் அது நடந்தது. யாரும் முரட்டுத்தனமாக இடிக்கவில்லை. எதிரணிப் பையன் ஒருவன் சும்மா உரசிக்கொண்டு போனான், அவ்வளவுதான். டோபின் ஒரு முழங்காலில் விழுந்தான், எழப் பார்த்தான், பிறகு பக்கவாட்டில் மெதுவாகச் சாய்ந்தான். அவனுடைய வலது கை பனியைத் தட்டிக்கொண்டே இருந்தது. முதலில் கூட்டம் அவன் நடுவரைக் கூப்பிடுகிறான் என்று நினைத்தது. பிறகு அந்தக் கை நிற்காமல் துடிப்பதைப் பார்த்து ரிங்க் முழுக்க அடங்கிப் போயிற்று.

ஹெலிகாப்டரில் சாஸ்கட்டூன் நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். மூளைக்குள் இரத்தம் கட்டியிருந்தது. மண்டையைத் திறந்து எடுத்தார்கள். மர்ரே மறுநாள் மதியம்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார். தாழ்வாரத்தின் கடைசியில் நோரீன் தனியாக நின்றிருந்தாள், உள்ளே போகாமல்.

"பொழைச்சுட்டான்" என்றாள். "கண்ணு தொறந்தான். அம்மாவ அடையாளம் தெரியுது. இனிமே ஆட முடியாதாம். ஸ்கேட் போட்டு நிக்கவே கூடாதாம்."

"நீங்க உள்ள போகலியா?"

"அவங்கம்மா லொரெட்டா வர வேணாம்னுட்டா. எல்லாத்தையும் நான் சொல்லிட்டேன் அவகிட்ட, எனக்கு ஜனவரிலேர்ந்தே தெரியும்னு. பெத்தவ நான் இருக்கறப்ப நீ யாரு மறைக்கறதுக்குன்னு கேட்டா. சரிதானே? நான் யாரு?" நோரீன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உங்கள நான் இழுக்கல மர்ரே. நீங்க என்ன பண்ணுவீங்க? நீங்களாவது அவன்கிட்ட நேரா பேசிப் பாத்தீங்க. நான் அதுகூட ஒழுங்கா பண்ணல."

மர்ரே வாயைத் திறந்தார். ஒரு நர்ஸ் தள்ளுவண்டியோடு அவர்களுக்கு நடுவே கடந்து போனாள். அவள் போன பிறகு அவர், "வீட்டுக்குப் போங்க நோரீன், கொஞ்சம் தூங்குங்க" என்று மட்டும் சொன்னார். கண்ணாடி வழியாகக்கூடப் பையனைப் பார்க்காமல் திரும்பினார். பார்க்கிங்கில் தன் வண்டி எது என்று தெரியாமல் இரண்டு வரிசை அலைந்தார்.

ஜூனில் டிராஃப்ட் நடந்தது. டோபின் பேரை யாரும் சொல்லவில்லை. அவனை யாரும் எடுக்காமலேயே, மற்ற அணிகள் தங்கள் தங்கள் யோசனைப்படி வேறு ஆட்களை எடுத்துக்கொண்டு போனதில், ஃபின்லாந்துப் பையன் மர்ரேயின் அணி வரைக்கும் தானாக வந்து சேர்ந்தான். அன்று விருந்தில் டுவைட் அவர் தோளைப் பிடித்து அழுத்தினான்.

"பாத்தியா? நாம அவ்வளவு கவலைப்பட்டிருக்கவே வேணாம். எப்படியும் நமக்கு வந்துட்டான்."

மர்ரே தட்டில் இருந்த இறைச்சியைத் துண்டு துண்டாக நறுக்கினார். ஒரு துண்டும் வாய்க்குப் போகவில்லை. எதற்காக வாயை மூடிக்கொண்டிருந்தாரோ அது அவர் வாயை மூடாமலே கிடைத்திருக்கும். ஜனவரியில் வண்டியின் கண்ணாடியை இறக்கி ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால்கூட, இந்த மேஜையில் எதுவும் மாறியிருக்காது. அந்தப் பையன் மட்டும் முழுசாக இருந்திருப்பான்.

ஜூலையில் அவர் வீப் பண்ணைக்குப் போனார். ஏன் போகிறோம் என்று அவருக்கே சரியாகத் தெரியவில்லை. வீட்டில் பெரியவர்கள் இல்லை. டோபின் இயந்திரக் கொட்டகையின் நிழலில் ஒரு டிராக்டரின் கியர் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தலைமுடி குட்டையாக வளர்ந்திருந்தது. காதுக்கு மேல் குதிரை லாடம் போலத் தழும்பு தெரிந்தது. மர்ரேயைக் கண்டதும் அவன் முகம் மலர்ந்ததுதான் அவரால் தாங்க முடியாமல் போனது.

"சார். நீங்க ஒருத்தர்தான் வந்திருக்கீங்க. ஒரு ஸ்கவுட்டும் எட்டிப் பாக்கல."

"எப்படி இருக்கே?"

"மத்தியான வெயில்ல வெளிய வர முடியாது. சில வார்த்த டக்குனு வர மாட்டேங்குது. மத்தபடி பரவால்ல." பேச்சு முன்பைவிட மெதுவாக இருந்தது. அவன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். "சார், ஒண்ணு கேக்கவா? இனிமே மறைக்க என்ன இருக்கு? எனக்கு இப்படி ஆகலன்னா என்னை எத்தனாவதா எடுத்திருப்பீங்க?"

மர்ரே அவனுக்கு எதிரே கவிழ்த்து வைத்திருந்த வாளியில் உட்கார்ந்தார். ஆறாவது, ஏழாவது என்று சொன்னால் போதும். பையன் அதை வைத்துக்கொண்டு ஆயுசு முழுக்கச் சந்தோஷப்படுவான். வரும் வழியில் அந்தப் பொய்யையும் யோசித்துப் பார்த்திருந்தார்.

"எடுத்திருக்க மாட்டோம்" என்றார்.

"ஏன்? பிப்ரவரில நல்லாத்தானே ஆடினேன்?"

"ஜனவரிலயே உன் பேர எடுத்துட்டோம். உன் தலைல அடின்னு எனக்குத் தெரியும். நோரீன் என்கிட்ட சொன்னாங்க, உன்கிட்ட பேசச் சொல்லி. நான் எங்க ஆபீஸ்ல சொன்னேன். உன்கிட்ட சொல்லல."

டோபினுக்குப் புரிய நேரம் பிடித்தது. அவன் ஒவ்வொரு வார்த்தையாக அடுக்கிப் பார்ப்பது போல இருந்தது.

"ஆனா நீங்க வந்தீங்களே. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வந்து நின்னீங்களே."

"வரச் சொன்னாங்க. மத்தவங்க ஏமாறணும்னு."

"நான் ஐஸ்ல எறங்கினா மொதல்ல அந்த மூலையத்தான் பாப்பேன். நீங்க நிக்கறீங்களான்னு. நின்னீங்கன்னா, இன்னிக்கு எப்படியாச்சும் உள்ள போகணும்னு நெனைப்பேன். வாந்தி எடுத்துட்டு, வாயக் கழுவிட்டு வருவேன் சார்." அவன் கத்தவில்லை. குரல் மட்டும் இறங்கிக்கொண்டே போனது. "நீங்க வீட்டுல இருந்திருந்தாலே போதும். நான் மூலைக்குப் போயிருக்க மாட்டேன்."

மர்ரேவுக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இருந்தது. கேட்டால் பையன் அதற்கு ஏதாவது பதில் சொல்ல வேண்டியிருக்கும். அந்தச் சுமையையும் அவன் தலையில் வைக்க அவருக்கு மனம் வரவில்லை.

டோபின்தான் கேட்டான். "அப்ப நோரீன் சொல்லியிருக்காங்க, இல்ல?"

"சொன்னாங்க. நான் உன்கிட்ட பேசிட்டேன், நீதான் கேக்கலன்னு அவங்ககிட்ட பொய் சொன்னேன். அதான் அவங்க உங்கம்மாவுக்குப் போன் பண்ணல."

"அம்மா அவங்ககூடப் பேசறதே இல்ல. அவங்க கார்டு அனுப்பினாங்க, பிரிக்காம குப்பைல போட்டுட்டாங்க." டோபின் எழுந்தான். எழுந்ததும் ஒரு கையால் டிராக்டரைப் பிடித்து நின்றான். உதவ எழுந்த மர்ரேயைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தான். "அவங்ககிட்ட போய்ச் சொல்லுங்க சார். இங்க வேணாம். அங்க போய்ச் சொல்லுங்க."

அன்றே மர்ரே ஹாலோரனுக்கு ஓட்டினார். பொழுது சாய நேரமாகும் கோடைக்காலம். அவர் போய்ச் சேர்ந்தபோது நல்ல வெளிச்சம் இருந்தது. நோரீன் வாசலில் பேருந்தின் தரைவிரிப்புகளைக் குழாய்த் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தாள். அவர் நின்றபடியே சொன்னார். நடந்ததை நடந்த வரிசையில், ஒன்றையும் விடாமல். சொல்லி முடிக்கும்வரை அவள் குழாயை மூடவில்லை. தண்ணீர் அவர்கள் இருவர் செருப்பையும் நனைத்துக்கொண்டு தெருவுக்கு ஓடியது.

"நாலு மாசமா என் புருஷன் மொகத்த நேரா பாக்கல நான்" என்றாள் கடைசியில். "அந்த வாரமே நீங்க, முடியல நோரீன், நான் பேசலன்னு சொல்லியிருந்தா, அன்னிக்கே லொரெட்டாவுக்குப் போன் பண்ணியிருப்பேன். சத்தியமாவது ஒண்ணாவது. நீங்க பேசிட்டீங்கன்னு நெனைச்சுத்தான் சும்மா இருந்தேன்."

"தெரியும்."

"தெரியும்ங்கறீங்க." அவள் கையைப் பாவாடையில் துடைத்தாள். உள்ளே போய்ப் போனை எடுத்து வந்தாள். எண்ணை அழுத்தி அவர் கையில் கொடுத்தாள். "என் பேருக்கு அவ எடுக்க மாட்டா. இது என் புருஷன் போன். அவ எடுத்தா நீங்க சொல்லுங்க. நான் பக்கத்துலயே நிக்கறேன்."

லொரெட்டா எடுத்தாள். மர்ரே யாரென்று சொன்னார், பிறகு மறுபடியும் முழுக்கச் சொன்னார். இரண்டாவது முறை சொல்வது எளிதாக இல்லை. எதிர்ப்பக்கத்திலிருந்து திட்டு வரும் என்று காத்திருந்தார்.

"ஜனவரில எப்போ?" என்று மட்டும் கேட்டாள் லொரெட்டா.

"மூணாவது வாரம். சனிக்கெழம."

"அன்னிக்கு சாயந்தரம் அவன் வீட்டுக்கு வந்தான். தங்கச்சி பொறந்த நாளுக்கு. ரெண்டு நாள் இங்கதான் இருந்தான். தூங்கிக்கிட்டே இருந்தான், களைப்புன்னு நெனைச்சேன்." அவள் நிறுத்தினாள். "திங்கக்கெழம காலைல நான்தான் அவன எழுப்பி, சாப்பாடு கட்டிக் குடுத்து, கார்ல அங்க கொண்டுபோய் விட்டேன்."

மர்ரே போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"நோரீன் அங்க இருக்காளா?"

"இருக்காங்க."

"அவகிட்ட குடுங்க. நீங்க போங்க."

அவர் போனை நோரீனிடம் கொடுத்துவிட்டு வண்டிக்கு நடந்தார். பின்னால் நோரீன் பேசுவது கேட்கவில்லை, அழுவது மட்டும் கேட்டது. அந்த வாரமே டுவைட்டிடம் வேலை வேண்டாம் என்றார். கோடை முடியட்டும், பிறகு பேசலாம் என்றான் டுவைட். செப்டம்பரில் அவன் மறுபடி கூப்பிட்டபோது மர்ரே போனை எடுக்கவில்லை, இரண்டு வாரத்தில் அந்தப் பகுதிக்கு வேறொருவனைப் போட்டார்கள். லொரெட்டாவும் நோரீனும் இப்போது பேசிக்கொள்கிறார்கள். டோபின் டீசல் மெக்கானிக் படிக்கிறான், பாதி நாள் வகுப்புக்குத்தான் அவன் தலை தாங்குகிறது. மர்ரேயோடு அவர்களில் யாரும் அதன் பிறகு பேசவில்லை. அவர் கேட்கவும் இல்லை. குளிர்காலம் வந்தால் எங்கள் ரிங்கில் ஆட்டம் நடக்கிறது, அவர் வருவதில்லை.